நூலுக்கு ஒரு நூல்



பங்குக் குருவானவருக்கும் பின்னல் ஊசிக்கும் என்ன உறவு என்று தலைப்பைக் கண்டதும் சிலர் புன்னகை புரியலாம். உறவு உண்டு. நாம் செய்த ஒரு தவறே அவ்வுறவை உண்டாக்கிற்று. அதனை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னர் பொருளுக்கு வருவோம்.

நல்லூரில் நாம் பணியாற்றிய நாளில், கன்னியர் நடத்திவந்த தையல் வகுப்பில் ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பின்னல் வேலை பயின்றுவந்தாள். ஞானஸ்நானம் பெறவிருந்த குழந்தை ஒன்றுக்குக் கம்பளிப் போர்வை பின்னித் தருமாறு அவளிடம் ஒரு குடும்பத்தார் கேட்டிருந்தனர். கூலிக்கென்று அவள் எடுத்த முதல் வேலை அது. யாரோ நன்கொடையாகத் தந்த அச்சிட்ட பின்னல் நூல் ஒன்றை விரித்துவைத்து, அதிற்கண்டபடி 72 கண்ணிகளை ஊசியில் ஏற்றினாள். முதல் இரண்டு வரிசைகள் ஒழுங்காக முடிந்தன. மூன்றாம் வரிசையின் இறுதியில் 4 கண்ணிகள் மிஞ்சின. பிரித்தாள், மீண்டும் பின்னினாள், மீண்டும் 4 மிஞ்சின. மூன்றாம் முறை பிரித்துக்கொண்டிருக்கும்போது நாம் அவ்வழியே சென்றோம். நூல் பிசிறு தட்டிக் கிடந்தது. "கவனமெல்லாம் எங்கே இருக்கிறது, அம்மா?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்கும்படி நாம் சொல்லிவிட்டோம்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவளுடைய தாய் வந்து, "இதெல்லாம் அதுக்கு மண்டையில ஏறலீங்க சாமி. முந்திரி உடைக்க அனுப்பிடலாம்னு இருக்கோம்" என்று பணிவோடு சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பை நடத்திய வயது முதிர்ந்த கன்னியர் அன்று மாலை அந்நூலையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "சுவாமி, பிள்ளைமீது பிழை இல்லை. புத்தகம் பிழை செய்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றார். போட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அந்தக் கணக்கைச் சற்றுப் பின்னர் வாசகர்களுக்கும் விளக்குவோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஓர் எண் தவறி அச்சாகியிருந்தது; அவ்வளவே. ஆனால் அந்தத் தவற்றுக்குத் தண்டனை அடைந்தவர் நூலை அச்சிட்டவரும் அல்லர், விற்றவரும் அல்லர். எழுத்தில் உள்ளது பொய்யாகாது என்று நம்பிய ஓர் ஏழைப் பெண்ணே அடைந்தாள். நல்ல பின்னல் நூல் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினா நமக்கு அன்று தோன்றியது.

தமிழில் நூல் என்னும் சொல் பஞ்சினால் ஆகிய இழையையும் குறிக்கும். புலவர் இயற்றிய ஏட்டையும் குறிக்கும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணின் தொழிலையே ஏடு இயற்றும் புலவனின் தொழிலுக்கு உவமையாக்கினார். அவரே ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்துச் சொன்னார். இலக்கண ஏட்டுக்கு வகுத்த அக்குற்றங்களை நம் இல்லத்துப் பெண்கள் கையாளும் பின்னல் ஏட்டுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம்.

அதற்குமுன், பின்னல் இன்னதென்று அறியாதார்க்கு ஒரு சொல். நம் ஆண்மக்கள் அணியும் திருப்பூர்ப் பனியனைக் கையில் எடுத்துக் கூர்ந்து நோக்குங்கள். அது தறியில் ஊடும் பாவுமாக நெய்ததன்று. ஒரே இழை கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி நுழைந்து உண்டானது. முன்புறத்தில் சிறு சிறு அம்பு முனைகள் அடுக்கியதுபோல் தோன்றும். பின்புறத்தில் அரைவட்டப் புடைப்புகள் தோன்றும். ஒரே கண்ணியின் முகமும் முதுகுமே அவை. கையால் பின்னுவோர் முகம் தெரியப் பின்னுவதை 'நிட்' என்றும், முதுகு தெரியப் பின்னுவதை 'பர்ல்' என்றும் வழங்குவர். நாம் இங்கே நேர்கண்ணி, மறுகண்ணி என்று வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அமைத்தும், கண்ணிகளைச் சேர்த்தும் பெருக்கியும் இடம் மாற்றியும் எண்ணற்ற வடிவங்கள் பிறக்கின்றன. அவ்வடிவங்களைத் தொகுத்து, வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளத் தருவதே பின்னல் வகை நூல். பின்னற் கலைக்கு அதனை அகராதி எனலாம்.

இயந்திரப் பின்னலுக்கு வழிகாட்டியவரும் ஒரு குருவானவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தில் கால்வர்ட்டன் என்னும் ஊரின் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார் என்பது வரலாறு. திருப்பூரில் இன்று சுழலும் இயந்திரங்களின் மூதாதை அப்பொறியே.

இனிக் குற்றங்களைப் பார்ப்போம்.

முதலாவது, குன்றக் கூறல். அதாவது வேண்டியதைச் சொல்லாது விடுதல். மார்கழியில் கோலப் புத்தகம் பார்க்காத தமிழ்ப் பெண் உண்டோ? அதில் ஒவ்வொரு கோலத்தின் கீழும், 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரி இல்லையேல் படம் எவ்வளவு அழகாயிருந்தும் வாசலில் அமர்ந்து தொடங்க முடியாது. பின்னலுக்கும் அவ்வாறே அளவு உண்டு. இரண்டு நேர்கண்ணி, இரண்டு மறுகண்ணி என வரும் வரிப்பின்னலை எடுத்துக்கொள்வோம். அதற்கு 4இன் மடங்குடன் 2 கூட்டிக் கண்ணிகள் ஏற்றினால் இரு ஓரங்களும் ஒத்து நிற்கும். இந்த மடங்கை ஒவ்வொரு வகைக்கும் நூல் சொல்ல வேண்டும். ஓரக்கண்ணிகள் அதனுள் அடங்குமா என்பதையும், முதல் வரிசை முன்புறமா பின்புறமா என்பதையும், எத்தனை வரிசைக்கு ஒருமுறை வடிவம் திரும்பும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்நான்கையும் சொல்லாத நூல், புள்ளிக் கணக்கு இல்லாத கோலப் புத்தகமே.

நம் கோலத்தின் இக்கணக்கு அறிஞரையும் கவர்ந்தது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி தம் துணைவியார் ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து, கோலங்களைக் கணிதவழி இலக்கணமாக விளக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974இல் வெளியிட்டார். வாசற்படியில் நம் தாய்மார் இழைக்கும் கோடுகளில் ஓர் இலக்கணம் இருக்கிறது என்று உலகறியச் செய்த பணி அது.

இரண்டாவது, மாறுகொளக் கூறல். முன்சொன்னதற்கு மாறாகப் பின்சொல்லுதல். நல்ல நூல் ஒவ்வொரு வகையையும் சொற்களாலும் தருகிறது. கட்டம் போட்ட தாளில் குறியீடுகளாலும் தருகிறது. சிலருக்குச் சொல் எளிது. சிலருக்குப் படம் எளிது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சாட்சிகளாகவும் நிற்கும். ஆனால் சொல் ஒன்று சொல்லக் கட்டம் வேறொன்று காட்டினால் கற்பவர் யாரை நம்புவார்? ஒரு பக்கத்தில் புள்ளி மறுகண்ணியைக் குறிக்க, மற்றொரு பக்கத்தில் சிறு கோடு அதையே குறித்தால் என் செய்வார்? சப்பான் நாட்டில் இக்குறியீடுகளுக்குத் தேசியத் தொழில் தரமே வகுத்திருக்கிறார்கள். அதனால் அம்மொழி அறியாதவர்களும் அந்நாட்டுப் பின்னல் நூல்களைக் கட்டங்களைக் கொண்டே பின்பற்ற முடிகிறது. ஹிட்டோமி ஷிடா என்னும் அம்மையார் தொகுத்த 260 வகைகள் அடங்கிய நூல் 2017இல் ஆங்கிலத்தில் வெளிவருவதற்கு முன்பே பிறநாட்டார் பலர் மூலநூலை வாங்கிப் பின்னிவந்தனர்.

மூன்றாவது, மயங்க வைத்தல். இதில் முதன்மையானது படம். கறுப்பு நூலில் பின்னிய மாதிரியைப் படம் எடுத்தால் கண்ணி எங்கே, துளை எங்கே என்று தெரியாது. வெளிர்நிற இழையில், பகட்டின்றி, தட்டையாக விரித்து எடுத்த படமே பயன்படும். பொம்மையின்மீது போர்த்தி மலர்களுக்கிடையே வைத்து எடுத்த படம் கண்ணுக்கு விருந்து. கைக்கு உதவி அன்று. முன்புறத்தோடு பின்புறத்தையும் காட்டுதல் நன்று. ஏனெனில் போர்வைக்கும் கழுத்துத் துணிக்கும் இரு புறமும் வெளியே தெரியும்.

பெயரும் மயக்கம் தரும். ஒரே வகைக்கு மூன்று பெயரும், மூன்று வகைக்கு ஒரே பெயரும் வழங்குகின்றன. ஷெட்லாந்துத் தீவுகளில் பிறந்த அலைவடிவப் பின்னல் ஒன்றை 'ஓல்ட் ஷேல்' என்பர். 'இறகும் விசிறியும்' என்னும் பொருள்படும் பெயரையும் பலர் அதற்கே சூட்டுவர். நேர்மையான தொகுப்பாசிரியர், இதற்கு இப்பெயரும் உண்டு என்று குறித்துவிடுவார். ஒன்றையே வேறு வேறு பெயரில் அச்சிட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்ட மாட்டார். கூறியது கூறலும் பவணந்தியார் பட்டியலில் ஒரு குற்றமன்றோ?

நான்காவது, நின்று பயனின்மை. வடிவம் அழகாக இருக்கிறது. அதனை எதற்குப் பயன்படுத்துவது? பனியன் துணியைக் கத்தரித்துப் பார்த்தவர் அறிவர். அதன் ஓரம் தானே சுருண்டு கொள்ளும். நேர்கண்ணி ஒரு வரிசை, மறுகண்ணி ஒரு வரிசை என்று கையால் பின்னிய துணிக்கும் அக்குணம் உண்டு. ஆகவே ஓரத்துக்குச் சுருளாத வேறொரு பின்னல் வேண்டும். வரிப்பின்னல் இழுத்தால் விரியும், விட்டால் கூடும். காலுறையின் மேல்விளிம்பும் ஸ்வெட்டரின் மணிக்கட்டும் அதனாலேயே அமைகின்றன. கண்ணிகளை இடம் மாற்றி முறுக்கிய கயிற்றுப் பின்னல் அகலத்தைக் குறுக்கிவிடும். நூலும் மிகுதியாகக் கொள்ளும். துளைப்பின்னல் பச்சிளங் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அகன்றிருக்கலாகாது. இவற்றை இரண்டு வரிகளில் சொல்லும் நூல் பணத்தையும் மிச்சப்படுத்தும், கண்ணீரையும் மிச்சப்படுத்தும்.

ஐந்தாவதாக, எல்லாவற்றினும் பெரியது உண்மை. நூலில் அச்சேறிய ஒவ்வொரு வகையையும் ஒருவர் தம் கையால் பின்னிப் பார்த்திருத்தல் வேண்டும். விருத்தாசலத்தைச் சூழ்ந்து வாழும் நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பீங்கான் தொழில் செய்வோர் மெருகுக் கலவையின் அளவை ஏட்டில் எழுதி வைத்ததோடு நிறைவடைவதில்லை. சிறு மாதிரித் துண்டில் அதனைப் பூசிச் சூளையில் வேகவைத்து, நிறத்தைக் கண்ணால் கண்ட பின்னரே கோப்பைக்கும் பொம்மைக்கும் பூசுவர். ஏட்டில் பச்சையென்று எழுதியது சூளையில் பழுப்பாக வரலாம். சூளை பொய் சொல்வதில்லை. ஊசியும் பொய் சொல்வதில்லை.

இப்போது நாம் வாக்களித்த கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன அலைவடிவப் பின்னலுக்கு 18இன் மடங்காகக் கண்ணிகள் வேண்டும். நான்கு வரிசைகளில் வடிவம் முடியும். முதல் வரிசை நேர்கண்ணி; இரண்டாவது மறுகண்ணி; நான்காவது நேர்கண்ணி. மூன்றாம் வரிசையிலேதான் அலை பிறக்கிறது. இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்தல் 3 முறை. ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு நேர்கண்ணி பின்னுதல் 6 முறை. மீண்டும் இரண்டை ஒன்றாகச் சேர்த்தல் 3 முறை. சேர்ப்பதில் 6 கண்ணிகள் குறைகின்றன. சுற்றுவதில் 6 கண்ணிகள் பிறக்கின்றன. 18 உள்ளே சென்றன. 18 வெளியே வந்தன. கணக்கு நேராயிற்று.

அப்பெண் கையில் இருந்த நூலிலோ 6 முறை என்பது 5 முறை என்று அச்சாகியிருந்தது. அதன்படி பின்னினால் ஒவ்வொரு மடங்கிலும் 17 கண்ணிகளே செலவாகும். 72இல் நான்கு மடங்குக்கு 68 போக, 4 மிஞ்சும். அவள் மும்முறை பின்னியும் மும்முறையும் 4 மிஞ்சின என்றால், அவள் கை ஒரு கண்ணியும் தவறவில்லை என்பதே பொருள். கவனக்குறைவு உடையவளுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் மிஞ்சியிருக்கும். அவளுடைய கவனத்துக்கே அந்த 4 கண்ணிகள் சான்றாய் இருந்தன. அந்தச் சான்றைக் கண்ணால் கண்டும் நாம் அவளைக் கடிந்துகொண்டோம்!

தாய்மார்களே, நூலில் உள்ள எந்த வகையையும் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்யுங்கள். பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை குறைகிறது, எத்தனை கூடுகிறது என்று கணக்கிடுங்கள். இரண்டும் ஒத்துவராவிடில், வேண்டுமென்றே அவ்வாறு அமைத்த வகை என்று நூல் சொல்கிறதா எனப் பாருங்கள். சொல்லவில்லையானால் உங்களை ஐயுறுவதற்குமுன் நூலை ஐயுறுங்கள்.

நம்பிக்கைக்குரிய பெருநூல்கள் உலகில் இல்லாமல் இல்லை. தெரேஸ் தெ தில்மோன் என்னும் அம்மையார் 1886இல் வெளியிட்ட கைவேலைக் களஞ்சியம் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தையல், பூவேலை, லேஸ் ஆகியவற்றோடு பின்னலுக்கும் அதில் இடமுண்டு. இங்கிலாந்தில் மேரி தாமஸ் 1938இல் பின்னல் முறைகளையும், 1943இல் பின்னல் வகைகளையும் இரு நூல்களாகத் தந்தார். கண்ணி ஏன் அவ்வாறு நிற்கிறது என்று காரணம் காட்டும் நூல்கள் அவை. அமெரிக்காவில் பார்பரா வாக்கர் 1968இல் வெளியிட்ட தொகுப்பில் 500க்கு மேற்பட்ட வகைகளும், 1970இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பில் 700க்கு மேற்பட்ட வகைகளும் உள்ளன. வகைகளை அகர வரிசையில் கலந்து கொட்டாமல், நேர்கண்ணி மறுகண்ணியால் ஆனவை, வரிப்பின்னல், கயிற்றுப் பின்னல், துளைப்பின்னல் என்று அமைப்பின்படி அவர் பிரித்திருப்பதே அவற்றின் சிறப்பு. ஒன்றைக் கற்றால் அதன் அண்டை வீட்டாரையும் அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டிலும் நூற்கலை பயிற்றும் மரபு உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் பிறசபைச் சகோதரி 1820களிலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். 1897இல் பெல்சியத்திலிருந்து முளகுமூடு வந்து சேர்ந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டரும் அவரைப் பின்பற்றிய கன்னியரும் அநாதைப் பெண்களை வளர்த்துக் கைத்தொழில் பயிற்றினர். முளகுமூடு லேஸ் புகழ்பெற்றது. திண்டின்மேல் பின்னும் அவ்வகை லேஸுக்குத் துளையிட்ட அட்டையே வழிகாட்டும் நூல். துளைதோறும் குண்டூசி குத்தி, அவற்றைச் சுற்றி இழைகளை மாற்றி மாற்றிப் பின்னுவர். அட்டையில் ஒரு துளை பிசகினால் லேஸில் ஒரு மலர் பிசகும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் அவ்வட்டையை நம்பிப் பிழைத்தாள் என்றால், அதைக் குத்தியவர் எவ்வளவு பொறுப்போடு குத்தியிருக்க வேண்டும்!

செருமனியில் ஹாம்பர்க் நகர ஓவியக்கூடத்தில் ஒரு பழைய ஓவியம் இருக்கிறது. ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பெர்த்ராம் என்னும் ஓவியர் ஒரு பீடத்துக்காக வரைந்தது. அதில் தேவதாய் பல ஊசிகளைக் கொண்டு வட்டமாக, தையல் இல்லாத சிறு அங்கி ஒன்றைப் பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே பாலன் இயேசு. எதிரே பாடுகளின் சின்னங்களை ஏந்திய வானதூதர். சிலுவையடியில் வீரர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்ட தையலற்ற அங்கியை அவ்வோவியர் நினைத்திருத்தல் வேண்டும். ஒரு கண்ணியை விட்டாலும் அதன் கீழுள்ள கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியும் என்பதைப் பின்னுவோர் அறிவர்.

அச்சு நூல் வாங்க இயலாதோர் என் செய்வது? முன்னாளில் தையல் பயின்ற பெண்கள் ஒவ்வொரு வேலைக்கும் உள்ளங்கை அளவு மாதிரி செய்து, தடித்த நோட்டில் ஒட்டி வைத்தனர். இன்றும் அதனினும் சிறந்த நூல் இல்லை. ஒரு பக்கத்தில் மாதிரித் துண்டு. எதிர்ப்பக்கத்தில் மடங்கு, வரிசை, பயன், செய்த நாள். கைப்பேசிக் காணொளி கை அசைவைக் காட்டும். ஆயினும் பாதி வேலையில் ஐயம் எழும்போது மடியில் விரித்து வைத்து விரலால் தொட்டுப் பார்க்க அந்நோட்டே உதவும். இருபது வகைகள் செம்மையாக ஒட்டிய நோட்டு, பிழை மலிந்த ஐந்நூறு வகை நூலினும் மேலானது. அதனைத் தாய் மகளுக்குத் தரலாம்.

தொடங்கிய கதையை முடிக்க வேண்டுமன்றோ? கணக்குப் போட்ட மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் நாம் அப்பெண்ணின் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து அந்த 4 கண்ணிகளின் கதையை அவளுக்கும் அவள் தாய்க்கும் விளக்கி, மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்துகொண்டமைக்கு மன்னிப்புக் கேட்டோம். "அப்படின்னா நான் சரியாத்தான் பின்னியிருக்கேனா, சாமி?" என்று அவள் கேட்டாள். ஆம் என்றோம். அவள் திரும்பிப் பாராமல் உள்ளே சென்று கம்பளி நூல் உருண்டையை எடுத்துவந்தாள்.

போர்வை ஞானஸ்நானத்துக்கு உரிய நாளில் முடியவில்லை. அக்குடும்பத்தார் கடையில் வேறொன்று வாங்கிக்கொண்டனர், கூலியும் கிட்டவில்லை. அந்த இழப்பை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் போர்வை பின்னி முடிந்தது. அதனைக் கண்டு வேறொருவர் விலை கொடுத்து வாங்கினார். பழுதுற்ற அந்நூலையும் நாம் எறிந்துவிடவில்லை. அதே பக்கத்தின் ஓரத்தில், '5 அல்ல, 6. பின்னிப் பார்த்தது' என்று அவளே சிவப்பு மையினால் எழுதி வைத்தாள். அவளுக்குப்பின் பயின்ற பிள்ளைகள் எவருக்கும் அவ்வரிசையில் கண்ணி மிஞ்சவில்லை.

உங்கள் இல்லத்து நூல்களிலும் பிழை கண்டால் ஓரத்தில் திருத்தி எழுதிவையுங்கள். அடுத்து அதனை விரிக்கப் போகிறவள் யாரோ ஒரு பிள்ளை.